பாதித் தண்ணீர்

எதிர்வீட்டு அம்மாவிடம் விளக்குமாறு மட்டும் ஐந்து இருந்தன. வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. ஐந்தாவது எதற்கு என்பது எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“மத்த நாலையும் தட்டிச் சுத்தம் பண்ண வேணாமாண்ணே?” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கேள்விதான் அவருக்கு விளையாட்டாகப் பட்டிருக்கும்.

செல்லூரில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஆறு வீடுகள், பக்கத்துக்கு மூன்றாக. நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்தில் ஒரு நடை, அதன் கோடியில் பொதுக் குழாய். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். அவர் வீடு எங்களுக்கு நேர் எதிர். எங்கள் வாசலில் நாற்காலி போட்டால் அவர் வீட்டுக் கூடம் முழுதும் தெரியும். அலுவலகக் கணக்குகளை விட்டு ஓய்வு பெற்ற பிறகு, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுகிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. கொடியில் தொங்கும் கிளிப்பு, நடையில் விழுந்த இலை, எதிர்வீட்டு விளக்குமாறு என்று ஏதாவது ஒன்று.

அவர் இங்கிருந்து குடிமாறிப் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம். நல்லவர்கள். அவர்கள் வீட்டுத் தரை, தரை மாதிரி இருக்கிறது. அவர் காலத்தில் அந்தச் சிவப்புத் தரையைக் குனிந்து பார்த்தால் மேலே மின்விசிறி சுற்றுவது தெரியும். அதில் நடக்க எனக்குப் பயம். இந்த வயதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனால் ஒட்டாது. ஆகவே வாசலோடு நின்றுவிடுவேன். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

என்னை அண்ணே என்பார். அந்த முறையில் என் மனைவி அவருக்கு மதினி. மதினி மீது பிரியம் உண்டு, மதினியின் அடுப்படி மீது கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து பலகாரம் கொடுத்து அனுப்பும் கிண்ணம் திரும்பி வரும்போது, அது எங்கள் கிண்ணம்தானா என்று என் மனைவி திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அடியில் பொறித்திருக்கும் பெயரெழுத்தைக் கண்டபிறகுதான் உள்ளே எடுத்து வைப்பாள்.

அழுக்குகளிலெல்லாம் அவருக்குப் பெரிய அழுக்கு, நேற்றுத் தண்ணீர். விடிந்ததும் குடத்தில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கவிழ்த்துவிடுவார். அலசி, கவிழ்த்து வைத்து, அதன்பிறகுதான் புதுத் தண்ணீர் பிடிப்பார். மிச்சத்தின் மேலேயே குழாயைத் திறந்துவிடுகிற என் மனைவியைப் பார்த்தால் அவருக்கு உடம்பு கூசும்.

“பழசு மேல புதுசு ஊத்துனா அம்புட்டும் பழசுதான மதினி? பாதி கழுவுனா அது கழுவுனதா? பாதி குளிச்சுட்டு வாரேன்னு யாராச்சும் சொல்லுவாகளா?”

வெள்ளிக்கிழமை என்றால் புளியும் சாம்பலும் வாசலுக்கு வந்துவிடும். விளக்கு, குடம், சொம்பு, மணி என்று ஆரம்பித்துக் கழுவக் கூடியது எல்லாவற்றையும் கழுவுவார். பிறகு கழுவக் கூடாததற்குப் போவார். டிவியின் ரிமோட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கியிருக்கிறார். எரிவாயு உருளை கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிற்கவைத்து, உருளையைக் குளிப்பாட்டித் துடைத்தபிறகுதான் உள்ளே உருட்டவிடுவார். அவர் கணவர் ஆசிரியராக இருந்தவர். அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை வெள்ளிக்கிழமைகளில் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்.

“கொஞ்ச நேரம் இங்க இருந்துக்கிறேன் சார். அங்க இருந்தா எனக்கும் புளி போட்ருவா” என்பார்.

கொரோனா வந்து ஊரே கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. காய்கறியைக் கழுவினார்கள், பால் பாக்கெட்டைக் கழுவினார்கள். “இப்பத்தான்ணே எல்லாரும் என் வழிக்கு வந்து சேந்திருக்காக” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தாள். வந்தவள் மடிக்கணினிக்குப் பக்கத்தில் துணைக்கு ஒரு மீன் வாங்கி வைத்தாள். பைட்டர் மீன் என்று கடையில் விற்பார்களே, அது. உடம்பு கட்டைவிரல் அளவுகூட இருக்காது. வால் அதைவிடப் பெரிது. கருநீலத்தில், கொசுவம் பிரிந்த பட்டுப்புடவை போல விரிந்து நிற்கும். இன்னொரு மீனை அண்டவிடாது. கண்ணாடியில் தன் முகம் தெரிந்தாலே சண்டைக்குப் போகும். மகள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தாள். அம்மா அதைத் துரை என்று கூப்பிட்டார்.

ஒன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி. அடியில் மணல், மூலையில் ஒரு பாசிச் செடி. மகள் இருந்தவரை தொட்டிக்குக் காவல் இருந்தது. ஆனால் மற்றதற்கெல்லாம் தினமும் சண்டைதான். அவள் தேநீரைக் குடித்து முடிக்குமுன் தம்ளர் கழுவப்பட்டிருக்கும். கழற்றிப் போட்ட சட்டை ஆறுவதற்குள் கொடியில் சொட்டும்.

அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். மீனை ஒரு தோழியிடம் கொடுத்துவிட்டுப் போவதாக மகள் ஏற்பாடு செய்திருந்தாள். ஆட்டோ வந்து நின்றபிறகுதான் அது அம்மாவுக்குத் தெரிந்தது.

“அது என்னத்துக்கு ஊரான் வீட்டுக்கு? நான் பாக்க மாட்டேனா?”

“நீ பாப்ப. அதான் பயமே.”

“என்னடி பயம்?”

“இந்த வீட்ல உசுரோட எதுவும் இருக்க முடியாதும்மா. தேச்சுத் தேச்சே கொன்னுருவ. அப்பா பாவம், வெள்ளிக்கிழமையானா மாமா வீட்டு வாசல்ல போயி உக்காந்துக்குவாரு. நான் எதுக்கு பெங்களூர்ல வேல தேடுனேன்னு நெனைக்கிற?”

ஆறு வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். கை ஈரமாகவே இல்லை.

“துரை இங்கயே இருக்கட்டும். நீ அடுத்து வாரப்ப, இந்த வாலு இப்பிடியே, ஒரு குறையில்லாம எடுத்துக் குடுக்குறேன். கொன்னுட்டேன்னா அப்பறம் இந்த வாசப்படிய மிதிக்காத. போ.” என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க சாட்சி.”

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு மீன் எவ்வளவு நாள் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அது தானாகவே செத்தாலும் பழி இவர் மேல் அல்லவா விழும்?

முதல் வெள்ளிக்கிழமையே மணல் குப்பைக்குப் போனது. பாசிச் செடி அதன் பின்னால் போனது. துரையை எவர்சில்வர் சொம்பில் விட்டுவிட்டு, தொட்டியைச் சோடா மாவு போட்டுத் தேய்த்து, அலசி, வெயிலில் கவிழ்த்து, முழுக்கப் புதுத் தண்ணீர் ஊற்றினார். குழாயில் வந்த கையோடு, பிளீச்சிங் வாடையோடு. தொட்டி பளபளவென்று இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன் காற்றில் நிற்பது போலிருந்தது.

“பாதித் தண்ணி மட்டும் மாத்துன்னு போன்ல சொல்றா. சோம்பேறித்தனம்ணே. பாதி மாத்துனா மிச்சப் பாதிய என்னன்னு சொல்றது?”

சில வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலை நடையைத் தாண்டி வந்தார். “அண்ணே, உங்க பூதக்கண்ணாடிய எடுத்துட்டு வாங்க. துரை வாலு வெளுத்தாப்ல இருக்கு.”

வாசலோடு நிற்க முடியாத நிலை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். வாலின் ஓரம் நெடுக வெள்ளையாக ஒரு கரை. நான்கு இடத்தில் கிழிசல், ஒரு இடத்தில் ஓட்டை. எண்ணிச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வண்ணமீன் கடை. விசாரித்துவிட்டு வந்து சொன்னார். வால் அழுகல் நோயாம், பைட்டருக்கு அடிக்கடி வருவதாம். நீல மருந்து ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தனிப் பாத்திரத்தில் மருந்து கலந்து மீனை விட வேண்டும், குணமாகும்வரை அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொட்டக் கூடாது என்பதை அவர் எப்படித் தாங்கப்போகிறார் என்று நினைத்தேன். தாங்கினார். “மருந்துன்னா அது வேறண்ணே” என்றார். பிளாஸ்டிக் பேசினில் மசி போன்ற தண்ணீரில் துரை கிடந்தது. அவர் விரல் நுனியெல்லாம் நீலம். அதைப் பார்த்துப் பார்த்துத் தேய்ப்பார்.

வால் தேறியது. அடுத்த வெள்ளிக்கிழமை, தேய்த்து வெயில் காட்டிய தொட்டிக்குத் துரை திரும்பியது. சில வாரத்தில் மறுபடியும் வெள்ளைக் கரை. மறுபடி கடை, மருந்து, பேசின். மறுபடி தேறியது. மறுபடி தொட்டி. மறுபடி அழுகியது. ஒவ்வொரு சுற்றிலும் வால் சற்றுக் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஐந்தாவது தடவை நான் கிழிசலை எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ண வால் போதவில்லை.

அவர் கண்டுபிடித்த காரணம், சுத்தம் போதவில்லை என்பது. வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. மீன் பிடிக்கும் சிறு வலையை வெந்நீரில் போட்டு எடுத்தார். தொட்டியின் மூலைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் குடைந்தார். என் பங்குக்கு நானும் காரணம் தேடினேன். தறிச் சத்தத்தில் தொட்டி அதிர்கிறது, அந்தப் பயத்தில் மீனுக்கு வால் உதிர்கிறது என்றேன். தொட்டிக்கு அடியில் நாலாக மடித்த ஜமுக்காளம் வந்தது. கண் பட்டிருக்கிறது என்றாள் என் மனைவி. மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். மிளகாய் கமறிக் காம்பவுண்டே இருமியது. துரை மட்டும் இருமவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். முதலில் அம்மாவைக் கேட்பாள், அடுத்து மீனைக் கேட்பாள். அவர் கைபேசியைத் தொட்டியின் முகப்பில், துரையின் மூஞ்சிக்கு நேராகப் பிடிப்பார்.

“சைடுல காட்டும்மா.”

“திரும்ப மாட்டேங்குது. ஒன்னையவே பாத்துக்கிட்டு நிக்கிது பாரு.”

“வாலு நல்லாருக்கா?”

“வாலு பின்னாடி இருக்குடி. மூஞ்சியப் பாரு மொதல்ல.”

அழைப்பு முடிந்ததும் கைபேசியைத் துடைப்பார். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. துடைத்துக்கொண்டே இருப்பார்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம். வாடிப்பட்டியில் அவருடைய அக்கா கிணற்றடியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். போய்ப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பையைத் தூக்கியபடி சாவியை என்னிடம் கொடுத்தார். துரை அப்போதுதான் பேசினிலிருந்து தொட்டிக்கு மாறியிருந்தது. வால் என்ற இடத்தில் ஒரு குச்சம் இருந்தது.

“காலைல நாலு உருண்ட, சாயந்தரம் நாலு. கூடப் போட்றாதீங்க. செவ்வாயும் வெள்ளியும் தொட்டியத் தேச்சுக் கழுவிருங்கண்ணே. நீங்களே கழுவுங்க. மதினி கைல குடுத்துறாதீங்க, அவுக சும்மா அலசி விட்ருவாக.”

நான்கு உருண்டையை எண்ணிப் போடுவது எனக்கு ஒத்துவந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டி முன்னால் போய் நின்றேன். கண்ணாடி. உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். நழுவினால் தொட்டி உடையும். சொம்பிலிருந்து மீன் துள்ளினால் கண்புரை அறுத்த என் கண்ணுக்கு அது எங்கே விழுந்தது என்றே தெரியாது. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் அதே தொட்டி, அதே இடுப்பு. தண்ணீர் வற்றியதை மட்டும், எங்கள் வீட்டு வாளியில் முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு ஊற்றி நிரப்பினேன்.

அவர் போனில் கேட்டபோது என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள். “யாரு, இவுகளா? கழுவுறதா? தொட்டிக்கு முன்னாடி நிப்பாக, பாப்பாக, வந்துருவாக. கோயிலுக்குப் போற மாதிரி.”

“ஐயோ மதினி! துரை செத்துருமே!” நடைவரைக்கும் கேட்டது அவர் குரல். உடனே கிளம்பி வருகிறேன் என்றார். அக்காவைத் தூக்கி உட்காரவைக்க இன்னொரு ஆள் கிடைக்கவில்லை.

கண்ணாடியில் பச்சையாக ஒரு படிவு ஏறியது. தண்ணீர் லேசாகப் பழுப்பானது. மதில்மேல் சாய்ந்திருக்கும் நாட்டு வாதுமை மரத்திலிருந்து காய்ந்த இலை ஒன்று ஜன்னல் வழியே தொட்டிக்குள் விழுந்திருந்தது. கையை விட்டு எடுக்க எனக்கு அருவருப்பு, விட்டுவிட்டேன். அதுவும் தன் பங்குக்குத் தண்ணீரை டீத்தண்ணியாக்கியது. ஒவ்வொரு காலையும் செத்து மிதக்கும் என்று நினைத்தே பூட்டைத் திறப்பேன். துரை அந்த இலைக்கு அடியிலிருந்து வரும். நாலு உருண்டையைத் தின்னும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்த ஒரு நாள், குச்சத்தின் ஓரத்தில் பூண்டுத் தோல் போல மெல்லிசாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுகல் என்றே எண்ணினேன். மறுநாள் அது அகலமாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் அதற்கு நிறம் ஏறத் தொடங்கியது.

ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டிறங்கி நேரே வந்தார். குழாயடியில் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார், கையில் வாளி.

“அது என்னண்ணே, தொட்டியா குட்டையா? உங்கள நம்பி விட்டுட்டுப் போனேனே!”

நான் சத்தமாகப் பேசுகிறவன் அல்ல. அன்று பேசினேன். “வாளியக் கீழ வைம்மா. மொதல்ல வாலப் பாரு.”

பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். துரை திரும்பும் பக்கமெல்லாம் அவர் தலையும் திரும்பியது. குச்சத்தைச் சுற்றி ஒரு விரற்கடை அளவுக்குப் புது வால், கிழிசல் இல்லாமல், சுழித்து நின்றது.

“மருந்து போட்டீகளா?”

“இல்ல.”

“கழுவவே இல்லையா?”

“இல்லம்மா.”

கண்ணாடியை என்னிடம் திருப்பித் தந்தார். துடைக்காமல் தந்தார். “அப்ப இத்தன நாளா… நான்தானாண்ணே?”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கணக்குத்தான் வரும். “பேசின்ல தண்ணி மாத்தாதப்ப வளந்துச்சு. தொட்டிய முழுக்கக் கழுவுனப்பல்லாம் அழுகுச்சு. இப்ப கழுவல, வளந்திருக்கு” என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய் வாசலைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய வாசல்.

மறுநாள் மீன் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். “பாதித் தண்ணிதான் மாத்தணும்னு அன்னைக்கே சொன்னேங்குறான். நீ எங்கடா சொன்ன, மருந்துதான வித்தன்னேன். சொன்னேம்மா, நீங்கதான் ‘பாதியா, சீ’ன்னீங்க, அப்பிடிங்குறான்.” செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். “சொல்லியிருப்பேன்.”

அதன்பிறகு அவர் பட்ட பாட்டை எதிர் வாசலிலிருந்து நான் பார்த்தேன். நோயாளிகள் பத்தியம் இருப்பார்கள் என்று தெரியும், அது வேறு மாதிரி பத்தியம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு எடுப்பார். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை அந்தப் பழைய தண்ணீரின் மேலேயே ஊற்றுவார். ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார். மணல் மறுபடி வந்தது. தினமும் பெருக்கித் தள்ளுகிற வாதுமைச் சருகில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மூன்று தண்ணீரில் அலசி, உள்ளே போட்டார். கண்ணாடியில் பச்சை ஏறினால் தொட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார். சற்றுக் கழித்து, மூச்சு முட்டுமோ என்று துண்டை எடுப்பார்.

வெள்ளிக்கிழமைதான் சிரமம். கை பரபரக்கும். தன் வீட்டில் இருந்தால் தொட்டியில் கை வைத்துவிடுவோம் என்று பயந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தவர் சும்மா இருப்பாரா? எங்கள் மின்விசிறியின் மூன்று இறக்கைகள், பரண்மேல் இருந்த பித்தளை அண்டாக்கள் இரண்டு, என் மனைவி கல்யாணத்தோடு கொண்டுவந்து மறந்தேபோன குத்துவிளக்கு எல்லாம் வெளுத்தன. என் மூக்குக் கண்ணாடியை என் மூக்கிலிருந்தே எடுத்துக் கழுவினார். “மீனுக்கு நல்லதோ இல்லையோ, நமக்கு நல்லது” என்றாள் மனைவி.

பொங்கலுக்கு வருவதாக மகள் சொல்லியிருந்தாள். போகிக்கு முன்னால் வீடு முழுக்க வெள்ளையடித்தாயிற்று. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் துடைக்கப்பட்டது. கூடத்தில் தொட்டி மட்டும் பழுப்புத் தண்ணீரும் பச்சைக் கண்ணாடியும் ஊறிய சருகுமாக இருந்தது. அந்த வீட்டில் அது தெரியாத்தனமாக வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி இருந்தது. போகியன்று காலை அவர் இரண்டு முறை பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். இரண்டு முறையும் கீழே வைத்தார்.

மகள் வந்தாள். தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பை. மூன்றாவதாக மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். “தனியா வீடு எடுத்துட்டேன் மாமா. இந்தத் தடவ கையோட துரையக் கூட்டிட்டுப் போயிருவேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இருக்குல்ல?” என்றாள். இருக்கிறது என்றேன்.

உள்ளே போனாள். அவள் குரல் கேட்டது.

“என்னம்மா இது? வீட்ட எல்லாம் கண்ணாடியா வச்சுக்கிட்டு இத மட்டும் சாக்கடையாப் போட்டு வச்சிருக்க? நான் பேசுனதுக்கு இதுகிட்டப் பழி வாங்குறியா?”

அவர் அடுப்படியில் இருந்தார். வெளியே வருவதற்குள் மகள் துப்பட்டாவை இடுப்பில் செருகிவிட்டாள். முழங்கைவரை சட்டையை ஏற்றிவிட்டாள். “பிரஷ் எங்க? அந்தச் சோடா மாவு டப்பா எங்க வச்சிருக்க?” அந்தச் செருகலையும், அந்த நிற்றலையும், கேட்கும்போதே கண்ணால் மூலைகளைத் துழாவுவதையும் நான் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் இதே நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவர் வந்து தொட்டிக்கும் மகளுக்கும் நடுவில் நின்றார்.

“தொடாத.”

“தள்ளும்மா. அஞ்சு நிமிசத்துல கழுவிர்றேன்.”

“தொடாதங்கிறேன்ல.”

எதையாவது கழுவாதே என்று அவர் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மகளும் கேட்டிருக்க மாட்டாள். ஏற்றிய சட்டைக் கையோடு அப்படியே நின்றாள். பேச்சுக்குரல் கேட்டால் தீனி என்று துரைக்கு நினைப்பு. சருகுக்கு அடியிலிருந்து வந்து, கண்ணாடிக்கு நேராக நின்று வாலை விரித்தது. உடம்பருகே கருநீலம். நடுவில் தையல் போட்டது போல ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிறிய நீலத்தில் புதிது. புதிதுதான் அதிகம்.

மகள் குனிந்தாள். கண்ணாடியின் மேல் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள். “இதுவரைக்கும் போயிருச்சா?”

“இன்னும் உள்ள. அதுக்கப்பறம் கொஞ்சம் வளந்து, அங்கன நின்னுச்சு.”

“அதான் வீடியோல மூஞ்சிய மட்டும் காமிச்சியா?”

“ஆமா.”

“எப்பிடிம்மா சரியாச்சு? என்ன செஞ்ச?”

அவர் தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தார். கை ஒருமுறை அதை நோக்கிப் போய்த் திரும்பியது.

“சும்மா இருந்தேன்” என்றார்.

பொங்கல் முடிந்து மகள் கிளம்பிய அன்று குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். அவர் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு ஆட்டோவரைக்கும் போய் வழியனுப்பினார். ஆட்டோவில் பைகளை நான்தான் எண்ணி வைத்தேன். வரும்போது இரண்டு, முறுக்கும் அதிரசமும் சேர்ந்து போகும்போது மூன்று. ஆட்டோ தெருமுனைக்குப் போயிருக்கும். வீட்டுக்குள் போனவர் அந்த ஓட்டை போட்ட டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். டப்பா காலியாக இருந்தது.

“அண்ணே, கூப்புடுங்கண்ணே! ஆட்டோவ நிப்பாட்டச் சொல்லுங்க! டப்பாவ மறந்து வச்சுட்டுப் போறா!”

“மறக்கலம்மா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கூடத்தில் இருந்த தொட்டியைப் பார்த்தார். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடையின் நடுவிலேயே நின்றார். குழாயடியில் வாளி நிரம்பி வழிந்து வாசலெல்லாம் ஓடியது. அவர் கவனிக்கவில்லை. வழுக்குமே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நான் போய்க் குழாயை மூடினேன்.